கண்ணை ஒருமுறை இமைக்கவும்

ஜூன் 11, புதன்

மனைவி வடிவின் போனை இன்னும் அணைக்காமல் வைத்திருப்பது கேஸ் சிலிண்டருக்காக. இணைப்பு அவள் நம்பரில் இருக்கிறது. டெலிவரிக்கு வருகிறவர் கேட்கிற ஓடிபி அதில்தான் வரும். போன ஐப்பசியில் அவள் போய்ச் சேர்ந்ததும், நம்பரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்சியில் சொன்னார்கள். நான்தான் போகவில்லை.

இன்று அந்தப் போனில் செய்தி அனுப்புகிற மைனா ஆப்பைத் திறந்தால் திரையை அடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த எங்கள் தனியுரிமைக் கொள்கையை மாற்றியுள்ளோம்.' படிக்கத் தள்ளினால் அது பாட்டுக்குக் கீழே கீழே போகிறது. கடைசியில் ஒரே ஒரு பொத்தான், 'ஒப்புக்கொள்கிறேன்'. மறுக்கிறேன் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒப்புக்கொள்ளாதவர்களின் கணக்கு மாதக் கடைசியில் மூடப்படுமாம். அமுக்கிவிட்டேன்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான். என் முன்னால் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும் "படிச்சுப் பாத்தீயளா" என்று கேட்காமல் ஒரு கைநாட்டு வாங்கினதில்லை. பாளையங்கோட்டையில் பாதிப்பேர் என்னை அதற்காகவே திட்டியிருக்கிறார்கள். இன்று ஒரு வரி படிக்காமல் அமுக்கினேன்.

தண்ணீர் வரவில்லை. மோட்டாரைப் பார்க்க ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

நேற்று எழுதியதில் பாதிதான் நிஜம். ஓடிபி சாதாரண மெசேஜில் வரும், அதற்கு மைனா எதற்கு? என் நாட்குறிப்பில் நானே புளுகினால் விளங்கினாற்போலத்தான்.

வடிவுக்குக் கண்புரை ஆரம்பித்ததிலிருந்து போனில் எழுத்தைத் தேடி அமுக்குவது பெரும்பாடு. மைனாவில் தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்கிற வசதி உண்டு. அதில் பேசிப் பேசிப் போட்டு வைத்திருக்கிறாள். எல்லாம் மறந்துவிடாமல் இருப்பதற்காகச் சொன்ன வீட்டு வேலைகள். 'சனிக்கிழம தேங்காண்ண வாங்கணும். அவியகிட்ட சொன்னா நல்லெண்ண வாங்கிட்டு வந்து நிப்பாவ. நானே போவணும்.' இன்னொன்று, 'பாத்ரூம் குழாய் சொட்டுது, ஆளு வரச் சொல்லணும். அவிய சரி பண்ணுதேன்னு உக்காந்தா மொத்தக் குழாயும் கையோட வந்துரும்.'

மத்தியானம் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு நாலைந்து கேட்பேன். என்னைத் திட்டுகிறவையாகப் பார்த்து எடுப்பது வழக்கம். இதையெல்லாம் அவள் யாருக்கும் அனுப்பவில்லை. அவள் கணக்குக்குள் மட்டும்தான் இருக்கிறது. கணக்கு போனால் குரலும் போகும். அதனால்தான் அமுக்கினேன்.

சுபாஷினிக்குக்கூடத் தெரியாது. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, அப்பா இப்படி ஆகிவிட்டாரே என்று அழுவாள். மகள் அழுதால் எனக்குத் தாங்காது.

ஜூன் 19, வியாழன்

சாப்பிட உட்கார்ந்தேன். வடிவு, 'மாவு பொங்கிரும், மறக்காம ப்ரிட்ஜ்ல எடுத்து வைக்கணும்' என்றாள். அடுத்த நொடி வேறு ஒருத்தி, 'வீடு வாங்கும் கனவா? எங்களிடம் கடன் எளிது' என்று கத்துகிறாள். வடிவைவிட இரண்டு மடங்கு சத்தம். நிறுத்தவும் முடியாது, தாண்டவும் முடியாது. அவள் முடிக்கிற வரைக்கும் கையில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி ஒவ்வொரு குரலுக்கும் நடுவில் ஒரு விளம்பரமாம். நான் ஒப்புக்கொண்டிருக்கிறேனாம்.

ஜூன் 22, ஞாயிறு

அம்பாசமுத்திரத்திலிருந்து பிரமு கூப்பிட்டாள். வடிவுக்கு நேர் இளையவள், என் கொழுந்தியாள்.

"அத்தான், அக்கா போன்ல இருந்து எனக்கு என்னமும் அனுப்புனியளா?"

"நான் எதுக்கு அனுப்பப் போறேன்."

"பட்டுச்சேலை தள்ளுபடின்னு வந்திருக்கு. அக்கா படம் போட்டு, வடிவாம்பாள் உங்களுக்குப் பரிந்துரைக்கிறார்னு எழுதியிருக்கு."

அந்தப் படம் எனக்குத் தெரியும். பிரமு மகன் கல்யாணத்தில் எடுத்தது. எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பாள். அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். துக்கம் விழுந்த வீட்டுக்கு வருஷம் திரும்புகிற வரை நல்ல காரியத்துக்கு யாரும் பத்திரிகைகூட வைப்பதில்லை. அந்த வீட்டுக்காரி படத்தைப் போட்டு முகூர்த்தப்பட்டு விற்கிறான்.

"என்னால அதைப் பாக்க முடியல அத்தான். எல்லாருக்கும் போயிருக்குமோ?"

தெரியவில்லை என்றேன். பிறகு பார்த்தேன். அவள் போனில் நம்பர் இருக்கிற எல்லாருக்கும் போகும்.

ஜூன் 24, செவ்வாய்

அந்த ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். காலையில் ஆரம்பித்து மாலையில் முடிந்தது. இடையில் சோறு பொங்க மறந்துவிட்டது. உங்கள் பெயரையும் படத்தையும் உங்கள் தேடல்களையும் கொண்டு, உங்கள் உறவுகளுக்குப் பொருத்தமானவற்றைப் பரிந்துரைப்போம் என்கிறான். கணக்கு 'செயல்பாட்டில்' இருந்தால் மட்டும்தானாம். தினமும் மத்தியானம் திறந்து செயல்பாட்டில் வைத்தது யார்?

எங்கள் ஆபீசில் ஒரு விதி. ஒருவர் இன்னொருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், கொடுத்தவர் மூச்சு நின்ற கணத்தில் அந்தப் பவர் காலி. அதற்குப் பிறகு அவர் சார்பில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. புருஷனானாலும் சரி. போட்டால் அதற்குப் பெயர் ஆள்மாறாட்டம். அப்படி வந்த ஆட்களை நான் போலீசில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவன் காலில் விழுந்து அழுதான், விடவில்லை.

செத்துப்போன வடிவுக்காக நான் 'ஒப்புக்கொள்கிறேன்' அமுக்கியிருக்கிறேன். அவன் கம்பெனிக்கு அது செல்லும்.

ஜூன் 30, திங்கள்

புகார் செய்ய மனிதர் யாரும் கிடையாது. 'நான் மீரா, உங்களுக்கு எப்படி உதவட்டும்' என்று எழுத்தில் ஒன்று வருகிறது. விளம்பரத்தில் இந்தப் படத்தைப் போடாதீர்கள் என்று எழுதினேன். தங்கள் விருப்பத்துக்கு மகிழ்ச்சி என்றது. இந்தப் பெண்மணி இறந்துவிட்டார் என்று எழுதினேன். 'அருமை! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்றது.

கடைசியில் ஒரு வழி காட்டியது. பரிந்துரைகளை நிறுத்துவதானாலும் சரி, குரல் செய்திகளை இறக்கி வைத்துக்கொள்வதானாலும் சரி, கணக்கின் உரிமையாளர் முகத்தைக் காட்ட வேண்டும். கணக்கை மொத்தமாக அழிப்பதற்கு மட்டும் முகம் வேண்டாம், ஓடிபி போதும். கடையைக் கட்டிக்கொண்டு போகிறவர் முகம் யாருக்கு வேண்டும்.

பிற்பகல் செய்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். கூடத்துச் சுவரிலிருந்து படத்தை இறக்கினேன். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். கண்ணாடியில் இருந்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தேன். வெளிச்சம் பட வேண்டும் என்று ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்து, அவள் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒரு வட்டம் சுழன்று பச்சையானது.

'முகம் பொருந்துகிறது. கண்ணை ஒருமுறை இமைக்கவும்.'

நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். அது மறுபடி கேட்டது. மூன்றாம் தடவையும் கேட்டது. அப்புறம் 'நேரம் முடிந்தது' என்றது.

படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். குங்குமம் கோணலாகிவிட்டது.

ஜூலை 2, புதன்

மோட்டார் ஓடுகிறது. கத்தரிக்காய் சொத்தை.

ஜூலை 9, புதன்

வடிவின் போனுக்குள் வருகிற விளம்பரத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். வீட்டுக் கடன்காரி எப்போதாவதுதான். மற்றபடி ஒருவருக்கு மட்டும் பொங்குகிற சின்ன மின்சாரக் குக்கர், ஆண்கள் எளிதாகக் கற்றுக்கொள்ளும் சமையல் வகுப்பு, பாளையங்கோட்டையில் வீடு தேடி வருகிற உப்புக் குறைந்த சாப்பாடு. நான் தனிக்கட்டை ஆனது இவனுக்கு எப்படித் தெரிந்தது? சோறு குழைந்தது கூடத் தெரிந்திருக்கும். வீட்டுக்குள் ஒற்றன் உட்கார்ந்திருக்கிற மாதிரி எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

சுபா நேற்று வந்தாள், இன்று மாலை பஸ் ஏறினாள். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையே, "என்னப்பா இப்படி மெலிஞ்சிட்டீங்க." வயசானால் அப்படித்தான் என்றேன். ப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். ரெண்டு நாளும் அவள்தான் சமைத்தாள். நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

இன்று மத்தியானம் அந்தக் குக்கர் விளம்பரத்தைக் காட்டி, பாரும்மா, என்னை வேவு பார்க்கிறான் என்றேன். போனை வாங்கிப் பார்த்தாள்.

"உங்களைப் பாத்து வரலப்பா இது. அம்மா தேடினதை வச்சு வருது. அம்மா என்னவெல்லாம் பேசித் தேடினாங்களோ அது எல்லாம் இதுல இருக்கும்."

தேடல் பட்டியல் என்று ஒரு பக்கத்தைத் திறந்தாள். இரண்டு பேரும் பார்த்தோம். வடிவு கேட்ட கேள்விகள் வரிசையாக இருந்தன. கணையத்தில் கட்டி வந்தால் பிழைப்பார்களா. ஆபரேஷன் இல்லாமல் எத்தனை மாதம். அதற்கு அடுத்து, ஒரு ஆளுக்குச் சமைக்க சின்னக் குக்கர். சமையல் தெரியாத ஆம்பளைக்குச் சுலபமான குழம்பு. பிரஷர் இருக்கிறவருக்கு வீட்டுக்கு வரும் சாப்பாடு பாளையங்கோட்டை. இன்னும் கீழே போகப் போக, சுபா எதையோ பார்த்துவிட்டு விரலால் வேகமாகத் தள்ளிவிட்டாள்.

தேதியைப் பார்க்கச் சொன்னேன். மார்ச் என்று போட்டிருந்தது. போன வருஷம் மார்ச்.

எங்களிடம் அவள் சொன்னது ஜூன் கடைசியில். லேசான வயிற்றுவலி, டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுகிறார் என்று அப்போதுதான் ஆரம்பித்தாள்.

"அம்மாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குப்பா" என்றாள் சுபா.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

ஜூலை 14, திங்கள்

மார்ச்சில் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எனக்கு அவள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. மார்ச், ஏப்ரல், மே. மூன்று மாதம். மே மாதம் குற்றாலம் போகலாம் என்று நான் சொன்னபோது இந்த வெயிலில் தண்ணீர் எங்கே விழும் என்றாள். அப்போது தெரிந்துதான் சொன்னாள். குக்கர் தேடியவளுக்கு, பக்கத்தில் படுத்திருக்கிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு கம்பெனியிடம் சொல்லியிருக்கிறாள்.

கோபம் இல்லை. போனை மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். சத்தமில்லாமல் சாப்பிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஜூலை 20, ஞாயிறு

பிரமு போன் செய்து பேசிக்கொண்டிருந்தாள். உன் அக்கா தன் வியாதியைப் பற்றி உன்னிடம் முன்னாலேயே ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லையே அத்தான் என்றாள். அப்புறம் அவளே, "உங்ககிட்ட சொன்னா நீங்க உடைஞ்சு போவீயன்னு நெனச்சிருப்பா. அவ எப்பவும் உங்களை அப்படித்தான சொல்லுவா" என்றாள்.

எப்படிச் சொல்லுவாள் என்று கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

போனை இறக்கினேன். ஒரே ஒன்று கேட்டேன். 'அவியளுக்கு மாத்திர தீந்திரும், வெள்ளிக்கிழமக்குள்ள வாங்கணும்.' இது எந்த மாதம் சொன்னது என்று பார்த்தேன். ஏப்ரல். தெரிந்த பிறகும் என் மாத்திரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கப்புறம் கடன்காரி வந்தாள். வரட்டும் என்று விட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. குறுக்குத்துறையில் ஆற்றில் கால் வைக்க இடமில்லை. வடிவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, ஈர வேட்டியோடு படித்துறையில் உட்கார்ந்து என் போனைப் பார்த்தால் அதிலும் வடிவு. அதே சிரிப்பு. 'வடிவாம்பாள் உங்களுக்குப் பரிந்துரைக்கிறார்: வீட்டிலிருந்தபடியே தர்ப்பணம், இன்றே பதிவு செய்யுங்கள்.' தன் தர்ப்பணத்துக்குத் தானே ஆள் பிடிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். நின்றபாடில்லை, அப்புறம் அது சிரிப்பாகவும் இல்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணக்கை அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பிடும்போது ஒன்று மட்டும் கேட்போம் என்று எடுத்தேன். நாலு கேட்டேன். இன்று வேண்டாம், பார்க்கலாம்.

ஆகஸ்ட் 2, சனி

பதினோரு மணி இருக்கும். சுபா கூப்பிட்டாள். 'அப்பா' என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். என்ன ஏது என்று கேட்டேன்.

"அத்தை போன்ல அம்மா படத்தோட வந்திருக்குப்பா."

அத்தை என்றால் அவள் மாமியார், என் சம்பந்தியம்மா. பட்டுச்சேலையா என்றேன்.

"குழந்தைப்பேறு ஆஸ்பத்திரி. குழந்தையில்லாத தம்பதிகளுக்குன்னு, உங்க சம்பந்தி வடிவாம்பாள் பரிந்துரைக்கிறாங்கன்னு வந்திருக்கு. அத்தை எல்லார் முன்னாடியும் கேக்காங்க. ஏன் உங்கம்மா இதைத் தேடணும், உனக்கு என்ன குறை, எங்ககிட்ட மறைச்சீங்களான்னு கேக்காங்கப்பா."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ரெண்டு வருஷமாக வைத்தியம் பார்க்கிறார்களாம், அவளும் மாப்பிள்ளையும். குறை மாப்பிள்ளையிடம். அதை அவர் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இவள் வாயைத் திறந்ததில்லை. தாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். வடிவு யாரிடமும் மூச்சு விடவில்லை. போனிடம் மட்டும் கேட்டிருக்கிறாள், நல்ல ஆஸ்பத்திரி எது என்று.

"இப்ப அவர் பேச மாட்டேங்கறார்ப்பா. நான்தான் சொல்லிட்டேன்னு நினைக்கார். அந்தக் கணக்கை அழிச்சிருங்க. இன்னும் யார் யாருக்குப் போகப் போவுதோ. அதை எதுக்குப்பா வச்சிருக்கீங்க?"

"கேஸுக்கு ஓடிபி வரும்மா."

"அது சாதாரண மெசேஜ்லதானேப்பா வரும். மைனா எதுக்கு?"

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் யாரோ கதவைத் தட்டி, 'இன்னும் யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க' என்றார்கள்.

"போனை வச்சிரு. இப்பவே பண்ணுதேன்" என்றேன்.

அடுப்பில் குழம்பு இருந்தது, அதை அணைத்தேன். மேஜையில் உட்கார்ந்து அமைப்புகளைத் திறந்தேன். 'கணக்கை அழித்தால் எல்லாச் செய்திகளும் உடனே நிரந்தரமாக நீங்கும். மீட்க முடியாது.' இதை மட்டும் பெரிய எழுத்தில், யாருக்கும் புரிகிற தமிழில் போட்டிருந்தான். ஓடிபி வந்தது. கடைசியாக ஒன்று கேட்டுவிடலாம் என்று விரல் போனது. கேட்டால் இன்றைக்கும் நடக்காது என்று எனக்குத் தெரியும். போன அமாவாசைக்கே செய்திருந்தால் என் பிள்ளைக்கு இது வந்திருக்காது. எண்களைப் போட்டேன். அமுக்கினேன்.

'உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம்' என்று வந்தது. அப்புறம் வெள்ளையாக ஒரு திரை.

சுபாவுக்கு 'முடிந்தது' என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. அவள் போனை ஓடவிட்டு என் போனில் பதிந்து வைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

சுபா பேசினாள். குரல் தெளிந்திருக்கிறது. மாப்பிள்ளையே தாயிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாராம். வீட்டில் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் இவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவரும் இவளும் நேற்று சேர்ந்து வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம். எனக்கு அது போதும்.

வைக்கப் போகும்போது, "அப்பா, அன்னைக்கு இருந்த பதட்டத்துல கேக்கவே இல்ல. அந்தக் கணக்குல அம்மாவோடது எதுவும் இல்லைல்லப்பா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

"நிஜமாவா?"

"இருந்தா உனக்குச் சொல்ல மாட்டேனா."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாபகம் இருக்கிறபோதே எழுதி வைத்துவிடலாம் என்று மத்தியானம் உட்கார்ந்தேன். வார்த்தை மாறாமல், அவள் சொன்ன மாதிரியே.

சனிக்கிழம தேங்காண்ண வாங்கணும். அவியகிட்ட சொன்னா நல்லெண்ண வாங்கிட்டு வந்து நிப்பாவ.

மாவு பொங்கிரும், மறக்காம ப்ரிட்ஜ்ல எடுத்து வைக்கணும்.

பேன் சுவிட்ச் ஒழுங்கா இல்ல. அவியளத் தொட விடக் கூடாது.

சுபாக்குட்டிக்கு நாரத்தங்கா ஊறுகா போடணும், உப்பு கம்மியா.

இருபதுக்கு மேல் எழுதிவிட்டேன். ஒன்றிரண்டு தவிர எல்லாம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, இதைப் பக்கத்தில் விரித்து வைத்து, சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.

என் குரலில்தான் கேட்கிறது.